விசாரணையாளரை விசாரித்தவர் யார்?



சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி வீட்டிற்கு வந்திருந்தாள். ஆறாம் ஆண்டு வரை என்னிடம் பயின்றவள். இப்பொழுது படிவம் ஆறு. வரலாற்றை விரும்பிப் படிக்கிறாள். இடைக்கால ஐரோப்பாவில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய சமய விசாரணை மன்றங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஐயா, அந்த விசாரணையாளர்கள் மக்களிடம் பணம் பறித்தார்கள் என்று படித்தேன். திருச்சபை அவர்களைத் தட்டிக் கேட்கவே இல்லையா?" என்று கேட்டாள். நானோ சற்றும் சிந்திக்காமல், "இல்லையம்மா, வேலியே பயிரை மேய்ந்த கதைதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் போன பிறகு மனம் உறுத்தியது. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர், மாணவரிடம் "தெரியாது" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள் என்று எத்தனையோ முறை கூறியிருக்கிறார். பின்னர் நூல்களைத் தேடிப் படித்தேன். நான் சொன்ன விடை பிழை. திருச்சபை தட்டிக் கேட்டது, ஒருமுறையன்று, பலமுறை. ஆனால் எதைக் கேட்டது, யாருக்காகக் கேட்டது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தச் சமயத்தையும் குறைகூறுவது என் நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிகாரமும் உண்டியலும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இத்தாலியில் சான்றுகள் எழுத்து வடிவில் எஞ்சியிருக்கின்றன, அதனால்தான் இத்தாலி.

முதலில் பின்னணி. திருச்சபையின் போதனைக்கு மாறான கொள்கை உடையோரைப் 'பதிதர்' என்றனர். அத்தகையோரைத் தேடிக் கண்டறிந்து விசாரிக்கும் பொறுப்பை, 1231 முதல், போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி துறவியரிடம் ஒப்படைக்கத் தொடங்கினார். டொமினிக்கன் சபைத் துறவிகளும் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளும் இப்பணியில் அமர்த்தப்பெற்றனர். இரண்டுமே எளிய வாழ்வையும் பிச்சையேற்று உண்பதையும் நெறியாகக் கொண்ட சபைகள். பணத்தாசை இல்லாதவர்களிடம் இப்பொறுப்பைக் கொடுத்தால் நேர்மையாக நடக்கும் என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். நல்ல எண்ணந்தான்.

1252 ஏப்ரலில், வெரோனாவைச் சேர்ந்த பீட்டர் என்னும் டொமினிக்கன் விசாரணையாளர் கோமோ நகரிலிருந்து மிலானுக்குச் செல்லும் வழியில் கொலையுண்டார். அடுத்த மாதமே போப்பாண்டவர் நான்காம் இன்னொசென்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். விசாரணையில் உடலை வருத்தி உண்மையை வரவழைக்க அனுமதித்த ஆணை என்றே பலரும் அதனை அறிவர். அதில் இன்னொரு விதியும் இருந்தது. பதிதர்களிடமிருந்து பறிமுதலாகும் சொத்தையும் தண்டப் பணத்தையும் மூன்று பங்காக்க வேண்டும். ஒன்று நகராட்சிக்கு, ஒன்று பிடித்து வந்த அதிகாரிகளுக்கு, மற்றொன்று ஆயரும் விசாரணையாளரும் தங்கள் பணிக்குச் செலவிட. பின்னாளில் ஒரு பங்கு போப்பாண்டவரின் கருவூலத்துக்குப் போகலாயிற்று.

இந்த மூன்று பங்கைப் படித்தபோது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. நான் பணியில் சேர்ந்த புதிதில், வகுப்பில் அரட்டை அடிப்போருக்குப் பத்துக் காசு தண்டம் என்று ஒரு விதி செய்தேன். சேரும் பணத்தில் வகுப்பிற்கு மீன்தொட்டி வாங்கலாம் என்பது திட்டம். பெயர் எழுதும் பொறுப்பு வகுப்புத் தலைவனுக்கு. மூன்று வாரம் கழித்துப் பட்டியலைப் பார்த்தேன். வாயாடிகள் என்று பள்ளியே அறிந்த இருவரின் பெயர் ஒருமுறைகூட இல்லை. அவர்கள் சிற்றுண்டிக்குக் காசு கொண்டு வராத பிள்ளைகள். வாயே திறக்காத கடைக்காரர் மகனின் பெயரோ பதினொரு முறை இருந்தது! அந்தப் பையனுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. தொட்டி விரைவில் வரவேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். தவறு அவனுடையதன்று, தண்டத்தையும் தொட்டியையும் முடிச்சுப் போட்ட என்னுடையது.

இத்தாலியில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அங்கே பறிபோனது பத்துக் காசன்று. வீடு, நிலம், சில வேளைகளில் உயிர். இறந்துபோனவரைக்கூடப் பதிதர் என்று தீர்ப்பளிக்க முடியும். அப்படித் தீர்ப்பானால் எலும்புகளைத் தோண்டி எரிப்பார்கள். பிள்ளைகள் அனுபவித்து வந்த சொத்தும் போய்விடும். குற்றம் சாட்டியவர் யாரென்று குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியாது. இத்தகைய அதிகாரம் கையில் இருப்பவர் யாருடைய பெயரை முதலில் எழுதுவார்?

முறையிட்டால் என்ன? 1299-இல் பொலோஞ்ஞா நகரில் பொம்பியெத்ரோ என்ற தொழிலாளியையும் ஜுலியானோ என்பவரையும் பதிதர் என்று எரித்தபோது நகர மக்கள் கொதித்தெழுந்தனர். விசாரணையாளர் பணத்துக்காகத்தான் இதைச் செய்கிறார் என்று பலர் வெளிப்படையாகவே பேசினர். விளைவு என்ன தெரியுமா? அப்படிப் பேசியவர்களே விசாரணைக்கு உள்ளாயினர். முந்நூறுக்கும் மேற்பட்டோர் தாம் சொன்ன சொற்களுக்காக வந்து வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தது. விசாரணையைக் குறை சொல்வதே விசாரிக்கத்தக்க குற்றமாகிவிட்டது. இந்த இடத்தைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, தட்டிக் கேட்க வேண்டுமானால் மேலிருந்துதான் கேட்க வேண்டும். மேலிருந்து கேட்கவும் செய்தார்கள். நம் நாட்டுக் கத்தோலிக்கத் தமிழர்களுக்குப் 'பதுவை அந்தோணியார்' நன்கு அறிமுகமானவர். அந்தப் பதுவை நகரில், அந்தோணியார் சேர்ந்திருந்த பிரான்சிஸ்கன் சபையினரே பிற்காலத்தில் விசாரணைப் பொறுப்பில் இருந்தனர். (அந்தோணியார் 1231-இலேயே இறந்துவிட்டார், இந்தக் கதைக்கும் அவருக்கும் தொடர்பில்லை.) பதுவையிலும் அண்டை நகரான விசென்சாவிலும் விசாரணையாளர்கள் அளவு கடந்து பணம் பறிப்பதாக முறையீடுகள் குவிந்தன. 1302-இல் போப்பாண்டவர் எட்டாம் போனிஃபேஸ் அவ்விரு நகரங்களின் விசாரணைப் பொறுப்பையும் பிரான்சிஸ்கன் சபையிடமிருந்து பிடுங்கி டொமினிக்கன் சபையிடம் கொடுத்தார். பிரான்சு நாட்டு ஆயர் ஒருவர் விசாரிக்க அனுப்பப்பட்டார். 1263 முதல் 1302 வரை அத்துறவிகள் செய்த ஒப்பந்தங்களின் தொகுப்பு ஒன்று இன்றும் இருக்கிறது. 2002-இல் இத்தாலியில் நூலாகவும் பதிப்பிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுக் கொடுக்கல் வாங்கல்! யாருடைய நிலம் யாருக்குக் கைமாறியது என்பதை இன்று எவரும் எடுத்துப் படிக்கலாம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விசாரணையாளர்களின் ஊழலைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவர்களின் எதிரிகள் எழுதி வைத்ததன்று. திருச்சபை அனுப்பிய தணிக்கையாளர்கள் கேட்டு எழுதியது. ஊழலே நடக்கவில்லை என்று மூடி மறைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திருக்காது. "வேலியே பயிரை மேய்ந்தது" என்று ஒரே பழமொழியில் நான் முடித்தது இதனால்தான் பிழை.

ஆனால் சபையை மாற்றியதால் நோய் தீர்ந்ததா? ஆறே ஆண்டுகளில், 1308-இல், போப்பாண்டவர் ஐந்தாம் கிளமென்ட் காலத்தில், அதே வட இத்தாலியில் விசாரணையாளர்களின் கணக்கைப் பார்க்க இன்னொரு தூதரை அனுப்ப வேண்டியதாயிற்று. ஆளை மாற்றினார்கள், உண்டியல் அதே இடத்தில் இருந்தது.

1311-லும் 1312-லும் பிரான்சு நாட்டு வியன் நகரில் கூடிய பொதுச்சங்கம், நான் படித்தவற்றுள் எனக்கு வியப்பளித்த பகுதி. பல இடங்களிலிருந்து வந்த முறையீடுகளைக் கேட்டு, அச்சங்கம் விசாரணையாளர்களுக்குக் கடிவாளம் போட்டது. நாற்பது வயது நிரம்பாதவர் விசாரணையாளராகக் கூடாது. கடுஞ்சிறை, வதை, இறுதித் தீர்ப்பு ஆகியவற்றை ஆயரும் விசாரணையாளரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். ஒருவர் தனியாகச் செய்யலாகாது. விசாரணைப் பதவியைச் சாக்கிட்டுப் பணம் பறிப்பவர் அக்கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவராவார். பறித்ததை உரியவரிடம் முழுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வரை, சாகும் தறுவாயில் அன்றி, அவருக்கு மன்னிப்பில்லை.

சிறைச்சாலைக்கு விதித்த முறை இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு சிறைக்கும் இரண்டு காவலர். ஒருவரை ஆயர் நியமிப்பார், மற்றவரை விசாரணையாளர் நியமிப்பார். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வெவ்வேறு சாவிகள், ஆளுக்கொன்று. இருவரும் வந்தாலன்றிக் கதவு திறக்காது. கைதிக்கு உறவினர் கொடுத்தனுப்பும் உணவைக் குறைக்காமல் சேர்க்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் அதற்கு முன்பு அந்த உணவு எங்கே போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விதி எழுதியவர்கள் சிறைக்குள் நடப்பதை அறிந்தவர்கள். ஏட்டறிவில் எழுதியதாகத் தோன்றவில்லை.

நல்ல விதிகள்தாம். ஆனால் ஐந்தாம் கிளமென்ட் 1314-இல் இறந்தார். சங்கத்தின் ஆணைகள் முறைப்படி வெளியானது 1317-இல், அடுத்த போப்பாண்டவர் இருபத்திரண்டாம் ஜான் காலத்தில். அதன்பின் பதினேழே ஆண்டுகளில், 1334-இல், ஃபுளோரன்ஸ் நகர விசாரணையாளர் மினோ என்பவர் மீது போப்பாண்டவரின் தூதர் ஒருவர் பண மோசடி விசாரணை நடத்த வேண்டி வந்தது. பிரான்சிஸ்கன் துறவி அவர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஃபுளோரன்ஸில் நடந்ததைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1344-இல் ஃபுளோரன்ஸின் விசாரணையாளராக வந்தவர் பியெத்ரோ தெல்லாக்குயிலா. இவரும் பிரான்சிஸ்கன் துறவி; கற்றறிந்தவர், இறையியல் நூல் எழுதியவர். அந்நாளில் ஃபுளோரன்ஸின் பெரிய வட்டிக்கடை நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்துக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றான அச்சியாயுவோலி நிறுவனம் ஸ்பெயின் நாட்டுக் கர்தினால் ஒருவருக்கு 12,000 ஃபுளோரின் பொற்காசு பாக்கி வைத்திருந்தது. ஒரு ஃபுளோரினில் ஏறத்தாழ மூன்றரை கிராம் தங்கம். மாணவர்களைக் கணக்குப் போடச் சொன்னால் 42 கிலோ என்பார்கள். அந்தக் கடனை வசூலித்துத் தரும் பொறுப்பு விசாரணையாளரிடம் வந்து சேர்ந்தது. சமயப் பிறழ்வுக்கும் கடன் பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றுமில்லை. பிடித்து வரும் அதிகாரம் அவரிடம் இருந்தது, அதுதான் தொடர்பு.

1346-இல், அந்நிறுவனத்தின் பங்காளிகளுள் ஒருவரான சல்வெஸ்த்ரோ பரொன்செல்லி, நகர ஆட்சியாளர்களின் மாளிகையிலிருந்து வெளியே வரும்போது விசாரணையாளரின் சொற்படி மூன்று காவலர் அவரைப் பிடித்தனர். நகரம் பொறுக்கவில்லை. ஆட்சியாளர்கள் உடனே அவரை விடுவித்தனர். பிடித்த மூன்று காவலரின் கைகளை வெட்டி, ஊரைவிட்டுத் துரத்தினர். விசாரணையாளர் சியேனா நகருக்குப் போய்விட்டார். அங்கிருந்தபடி ஃபுளோரன்ஸில் வழிபாடே நடைபெறக் கூடாது என்று தடை விதித்தார்.

நகரம் அவிஞ்ஞோனுக்குத் தூதர்களை அனுப்பியது. (போப்பாண்டவர்கள் அக்காலத்தில் ரோமில் இல்லை, 1309 முதல் பிரான்சுப் பக்கம் அவிஞ்ஞோனில் இருந்தனர்.) தூதர்கள் கையில் ஒரு கணக்கும் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் இந்த விசாரணையாளர் குடிமக்களிடமிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபுளோரின்களைப் பறித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. இதை எழுதி வைத்தவர் அக்கால ஃபுளோரன்ஸ் வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி. அவ்வூரில் அத்தனை பதிதர்கள் இல்லவே இல்லை என்கிறார் அவர். கையில் பணமுள்ள ஒருவர் பேச்சுவாக்கில் வட்டி வாங்குவது பெரும்பாவமில்லை என்று சொல்லிவிட்டால் போதும். அவருடைய வசதிக்கேற்பத் தண்டம் விழும். அது மட்டுமன்று. ஃபுளோரன்ஸில் சாதாரணக் குடிமக்கள் ஆயுதம் தரிக்கக் கூடாது. விசாரணையாளரின் பணியாளர்கள் தரிக்கலாம். எனவே இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குடிமக்களுக்கு ஆயுத உரிமம் கொடுத்து, ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஃபுளோரின் ஈட்டினாராம்.

வில்லானியை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. அவரும் வட்டிக்கடைத் தொழிலில் பங்காளியாக இருந்தவர்; அவருடைய நிறுவனமும் நொடித்தது. வட்டியைப் பற்றிக் கேள்வி கேட்ட விசாரணையாளர் மீது அவருக்குக் கோபம் இருப்பது இயல்பு. மாணவர்களுக்கு வரலாறு சொல்லித் தரும்போது, எழுதியவர் யார் என்று முதலில் கேட்கப் பழக்குவது நல்லது. ஆயினும், ஊரறிய நடந்தவற்றை அவரால் இட்டுக்கட்டி எழுதியிருக்க முடியாது.

பிறகு ஃபுளோரன்ஸ் தானாகவே சட்டம் இயற்றியது. விசாரணையாளருக்குத் தனிச் சிறை இல்லை. நகர ஆட்சியாளரின் இசைவின்றி யாரையும் பிடிக்கக் கூடாது. ஆயுதம் தரித்த பணியாளர் ஆறு பேருக்கு மேல் கூடாது. சமயப் பிறழ்வைத் தவிர வேறெதிலும் தலையிடக் கூடாது. பணத் தண்டமே விதிக்கக் கூடாது. ஒருவர் உண்மையிலேயே பதிதர் என்று மெய்ப்பிக்கப்பட்டால் நெருப்புக்கு அனுப்பட்டும்!

இந்தக் கடைசி விதியை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். பணத்தைப் பாதுகாத்துக்கொண்டார்கள், நெருப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். சட்டம் இயற்றிய வணிகப் பெருமக்கள் தங்களைப் போன்றோர் நெருப்புவரை போகமாட்டார்கள் என்று அறிந்திருப்பர். வசதியில்லாதவர் எரிக்கப்படுவதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தண்டம் போட முடியாவிட்டால் வழக்கே தொடுக்கமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கலாம். ஒருவேளை அது சரியான கணக்காகவும் இருக்கலாம்.

சரி, பியெத்ரோவுக்கு என்ன ஆயிற்று? பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும்வரை மன்னிப்பில்லை என்று வியன் பொதுச்சங்கம் விதித்ததே, அதன்படி நடந்ததா? 1347-இல் அவர் தென் இத்தாலியில் ஒரு மறைமாவட்டத்தின் ஆயரானார். 1348-இல் த்ரிவெந்தோ நகரின் ஆயரானார். 1361-இல் ஆயராகவே இறந்தார். அவருடைய சொல்லுக்குக் கீழ்ப்படிந்த மூன்று காவலருக்குக் கை இல்லை. நம்மில் சிலருக்கு இது பழகிய கதையாகத் தோன்றலாம். அதனால் அது சிறிய கதையாகிவிடாது.

ஊரார் வாயில் இதெல்லாம் எப்படி உலவியது என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்குள் பொக்காச்சியோ எழுதிய 'டெக்கமரான்' என்னும் புகழ்பெற்ற கதைத் தொகுப்பில் ஃபுளோரன்ஸ் விசாரணையாளர் ஒருவர் வருகிறார். பணக்காரர் ஒருவர், தம்மிடமுள்ள திராட்சை மது கிறிஸ்துவே அருந்தத்தக்கது என்று விளையாட்டாகச் சொல்லிவிட, அந்தச் சொல்லுக்காக அவரை எரிக்கப்போவதாக விசாரணையாளர் மிரட்டிக் கைநிறையப் பொன் பெற்றுக்கொள்கிறார். கதையின் முடிவில் அந்தப் பணக்காரர் துறவி மடத்தில் ஏழைகளுக்குப் போடும் மிச்சக் கூழைப் பற்றி அப்பாவித்தனமாக ஒரு பேச்சுப் பேசி எல்லாரையும் சிரிக்க வைக்கிறார். பியெத்ரோவை மனத்தில் வைத்து எழுதியது என்பாரும் உண்டு. மினோவை என்பாரும் உண்டு. யாராயினும், படித்தவர்கள் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள்.

இனி என் கருத்து. திருச்சபையின் மேற்பார்வை பொய்யன்று. தூதர்களை அனுப்பினார்கள், ஏடுகளைப் புரட்டினார்கள், பொறுப்பைப் பிடுங்கினார்கள், உலகத்துக்கே முன்மாதிரியாகச் சொல்லத்தக்க விதிகளை எழுதினார்கள். ஆனால் மேற்பார்வையாளரே வரவில் ஒரு பங்கு பெறுபவராக இருந்தார். பதினான்காம் நூற்றாண்டில் விசாரணையாளர்களின் கணக்கைப் பார்த்தது பெரும்பாலும் போப்பாண்டவரின் கருவூல அலுவலர்கள். அவர்கள் முன்வைத்த முதல் கேள்வி, எவ்வளவு வந்தது, எமக்குச் சேர வேண்டியது ஏன் வரவில்லை என்பதுதான். அந்தப் பணம் யாரிடமிருந்து, எந்த நியாயத்தில் வாங்கப்பட்டது என்பது இரண்டாவது கேள்வியாகவே நின்றது. நேர்மையாக வாங்கிய தண்டத்தையும் மிரட்டி வாங்கிய தண்டத்தையும் கணக்கேடு ஒரே வரியில்தான் காட்டும். பங்கு சரியாகச் சேர்ந்துவிட்டால் தணிக்கை முடிந்தது. வியன் நகரில் "உரியவரிடம் திருப்பிக் கொடு" என்று எழுதியவர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தார்கள். அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்களுக்கு அதனால் வருவாய் குறையும்.

அக்காலத்தை இக்கால அளவுகோலால் அளக்கக் கூடாது என்று என் நண்பர் ஒருவர், அவரும் ஆசிரியரே, என்னிடம் வாதிட்டார். அந்த வாதம் இங்கே பொருந்தாது. பொலோஞ்ஞாவின் தெருவில் நின்று "பணத்துக்காகச் செய்கிறார்" என்று கூவியவர்கள் அக்காலத்தவரே. இரண்டு சாவி வேண்டும் என்று எழுதியவர்களும் அக்காலத்தவரே.

மீன்தொட்டித் திட்டத்தை நான் அன்றே நிறுத்திவிட்டேன். சேர்ந்திருந்த காசை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தபோது, கடைக்காரர் மகன் ஒரு வெள்ளி பத்துக் காசை எண்ணிப் பார்த்துவிட்டு, "நான் பேசவே இல்லை, ஐயா" என்றான். மூன்று வாரமாக அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வான்? விதி என்னுடையது, பட்டியலும் என் மேசையில்தான் இருந்தது.

அந்த மாணவி அடுத்த விடுமுறைக்கு மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் அன்று சொன்னது பிழை என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அந்த இரண்டு சாவிகளைப் பற்றியும், கையிழந்த மூவரைப் பற்றியும் சொல்லப் போகிறேன். தேர்வில் எதை எழுதுவது என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.